தன் நிறம் தனக்குத் தெரியாத அந்துப்பூச்சி சரியான மரத்தில் போய் உட்காருவது எப்படி?

#1 – ஈசல்

இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். முதல் படத்தில் மரத்தண்டு மட்டும்தான் இருப்பதுபோல் தெரியும். அதில் ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது, தேடிப் பாருங்கள். கிடைக்காதவர்களுக்காக இரண்டாவது படத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

சாம்பல் நிறம். இரண்டு முன்னிறகிலும் குறுக்கே நெளிந்து ஓடும் கறுப்புக் கோடுகள். பூச்சி தலையைப் பக்கவாட்டில் வைத்துக் கிடையாக உட்கார்ந்திருப்பதால், அந்தக் கோடுகள் மேலிருந்து கீழாக, பட்டையின் வெடிப்புகளோடு சேர்ந்தே போகின்றன. தலையை மேலே வைத்து உட்கார்ந்திருந்தால் கோடுகள் வெடிப்புகளை வெட்டிக்கொண்டு போயிருக்கும், நானும் ஒரே பார்வையில் பிடித்திருப்பேன்.

இதைப் பார்த்ததிலிருந்து ஒரே குடைச்சல். இதற்குத் தன் இறகு என்ன நிறம், கோடு எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் தெரியுமா? அது கண்ணாடியா பார்த்தது? தெரியாது என்றால் இத்தனை கச்சிதமாக எப்படி உட்கார்ந்தது? தெரியும் என்றால், அதே மாதிரிப் பூச்சி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து வெள்ளைச் சுவரில் பல்லிக்கு எதிரிலேயே உட்காருகிறதே, அது ஏன்?

#2 – ஏன்எதற்கு

எதுவும் தெரியாது. ஆயிரம் பூச்சி ஆயிரம் இடத்தில் உட்காரும். ஒன்றிரண்டு தற்செயலாகப் பொருந்திவிடும். நீங்கள் அதைப் படம் எடுத்துவந்து ஆச்சரியப்படுகிறீர்கள்.

#3 – நிழல்வேட்டை

ஏன்எதற்கு, கணக்கு தலைகீழாக இருக்கிறது. பொருந்தாமல் உட்கார்ந்தவைதான் நம் கண்ணில் படும். நன்றாகப் பொருந்தியவை யார் படத்திலும் வராது, ஏனென்றால் படம் எடுப்பவருக்கே தெரியாது. ஈசலின் கண்ணில் பட்டதே இந்த அழகில் என்றால் படாதவை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மேக்ரோ படம் எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மரத்தில் வந்து இறங்கிய அந்துப்பூச்சி உடனே அடங்கிவிடாது. சில அடி நடக்கும், இறகை லேசாக உயர்த்தி அடிக்கும், உடம்பைத் திருப்பும், இன்னும் கொஞ்சம் திருப்பும், அப்புறம்தான் இறகைப் பட்டையோடு அழுத்திக்கொண்டு படுக்கும். தற்செயல் என்றால் இத்தனை மெனக்கெடல் எதற்கு?

#4 – மரப்பட்டை

நிழல்வேட்டை சொன்ன அந்தத் திரும்பலை முறையாக அளந்தே பார்த்திருக்கிறார்கள். தென்கொரிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஹைப்போமெசிஸ் ரோபோரேரியா, ஜான்கோவ்ஸ்கியா ஃபஸ்கேரியா என்ற இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே மரப்பட்டை நிறத்தவை. பூச்சி முதலில் வந்து இறங்கிய இடத்தில், இறங்கிய திசையில் ஒரு படம். நடந்து திரும்பிக் கடைசியாக அடங்கிய பிறகு இன்னொரு படம். இந்தப் படங்களை மனிதர்களிடம் காட்டி, பூச்சியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இறங்கிய நிலையில் இருந்ததைவிட, அடங்கிய நிலையில் இருந்ததைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஆக, அந்த நடையும் திருப்பமும் சும்மா இல்லை, உருமறைப்பைக் கூட்டுகின்றன.

எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பது அதற்கு எப்படிப் புரிகிறது? அதே குழு அடுத்துச் செய்த சோதனைகளில், பார்வையோடு தொடு உணர்வும் சேர்ந்து வேலை செய்வது தெரிந்தது. பட்டையின் பள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பூச்சி தடவிப் பார்த்தும் உணர்ந்துகொள்கிறது. அதாவது “என் கோடு இப்படி, பட்டையின் கோடு அப்படி” என்று ஒப்பிடத் தேவையே இல்லை. “பள்ளத்துக்குக் குறுக்காக உடம்பை வை” என்ற ஒரே கட்டளை பிறவியிலேயே இருந்தால் போதும். அந்தக் கட்டளை யாருடைய இறகுக் கோட்டுக்குப் பொருந்தியதோ அவை பறவைக்குத் தப்பின, முட்டையிட்டன. பொருந்தாத கட்டளையோடு பிறந்தவை பறவையின் வயிற்றுக்குள் போயின.

நிறம் பற்றிய கேள்விக்கு இன்னும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. பெர்னார்ட் கெட்டில்வெல் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1955-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கண்ணைச் சுற்றியுள்ள செதில்கள் பூச்சியின் பார்வையிலேயே விழுகின்றன, அந்தச் செதிலின் நிறத்தையும் உட்கார்ந்திருக்கும் பரப்பின் நிறத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இடம் மாறுகிறது என்றார். கேட்க அழகான யோசனை. 1968-இல் தியோடர் சார்ஜென்ட் என்ற அமெரிக்கர் இதைச் சோதித்தார். கறுத்த இனம் ஒன்று, வெளிறிய இனம் ஒன்று. கண்ணைச் சுற்றியுள்ள செதில்களுக்குச் சாயம் பூசி, தன் நிறம் வேறு என்று பூச்சி நம்பும்படி செய்தார். ஒப்பிடுவது உண்மையானால், சாயம் பூசியதும் தேர்வு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கறுத்தது கறுத்த பரப்புக்கே போனது, வெளிறியது வெளிறிய பரப்புக்கே போனது.

ஈசல், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: தன் நிறம் தெரியாமலே சரியான இடத்துக்குப் போக முடியும். எங்கே உட்காருவது என்ற அந்தத் தேர்வும் இறகின் நிறம்போலவே பரம்பரையாக வருவது.

#5 – ஈசல்

அக்கா, கண்ணைச் சுற்றிச் சாயம் பூசினார் என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தத் தூரிகை எத்தனை சிறியதாக இருந்திருக்கும்! ஆனால் புரிகிறது. உருமறைப்பு இறகில் பாதி, நடத்தையில் பாதி.

#6 – ஏன்எதற்கு

நடத்தை சரி. “பொருந்தாதவை பறவை வயிற்றுக்குள் போயின” என்று அடித்துச் சொல்கிறீர்களே, அதற்கு என்ன ஆதாரம்? பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பூச்சிக் கதைதானே? செத்த பூச்சியை மரத்தில் ஒட்டிவைத்துப் படம் பிடித்தார்கள், எல்லாம் மோசடி என்று எப்போதோ வெளிவந்துவிட்டது. பாடப்புத்தகம் மட்டும் மாறவில்லை.

#7 – மரப்பட்டை

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியின் பெயர் பிஸ்டன் பெட்டுலேரியா, ஆங்கிலத்தில் பெப்பர்டு மாத். வெள்ளையில் கறுப்புப் பொடி தூவிய நிறம். லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்ந்து பட்டையில் திட்டுத்திட்டாகப் படர்வது) படர்ந்த மரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1848-இல் முழுக்கக் கறுத்த ஒன்று பதிவானது. 1895 வாக்கில் அந்த நகரத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் கறுப்பு. இடையில் என்ன நடந்தது? நிலக்கரிப் புகை. கந்தக டை ஆக்சைடு லைக்கன்களைக் கொன்றது, புகைக்கரி பட்டையைக் கறுப்பாக்கியது. வெள்ளைப் பூச்சி எடுப்பாகத் தெரிந்தது, கறுப்பு ஒளிந்துகொண்டது. பறவைகள்தான் காரணம் என்று ஜே. டபிள்யூ. டட் 1896-லேயே எழுதிவிட்டார். 1924-இல் ஹால்டேன் என்ற உயிரியலாளர் கணக்குப் போட்டு, இத்தனை வேகமாகப் பரவ வேண்டுமென்றால் கறுப்புக்கு மிகப் பெரிய சாதகம் இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்.

கெட்டில்வெல் வந்தது அதற்குப் பிறகு. 1953-இல் பர்மிங்ஹாம் அருகே புகையால் கறுத்த காட்டில், இரு நிறப் பூச்சிகளையும் அடையாளமிட்டு விட்டார், பிறகு பொறி வைத்துப் பிடித்தார். கறுப்பில் சுமார் 27 சதவீதம் திரும்பக் கிடைத்தது, வெள்ளையில் 13 சதவீதம்தான். 1955-இல் புகை படாத டார்செட் காட்டில் அதையே செய்தார். அங்கே கதை தலைகீழ், வெள்ளைதான் ஏறத்தாழ இரு மடங்கு திரும்பக் கிடைத்தது. பறவைகள் பூச்சியைக் கொத்தித் தின்பதை நிக்கோ டின்பெர்கன் படச்சுருளிலும் பதிந்தார்.

சரி, ஒட்டிய கதைக்கு வருவோம். புத்தகங்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற படங்களில் பல, பூச்சியை வைத்து எடுத்தவைதான். ஒரே தண்டில் கறுப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் தாமாக வந்து உட்காருமா? நிறத்தை ஒப்பிட்டுக் காட்டுவதற்காக எடுத்த படம் அது. ஆனால் படம் வேறு, சோதனை வேறு. கெட்டில்வெல் விட்டவை உயிருள்ள பூச்சிகள்.

மோசடி என்பதை நான் ஏற்கமாட்டேன், குறை இருந்தது என்பதை ஏற்கிறேன். பகலில் கொண்டுபோய் விட்டார், அவை இரவில் இடம் தேடுபவை. எல்லாம் தண்டுகளில் விடப்பட்டன, இயல்பாக அவை அதிகம் தங்குவது கிளைகளில். ஒரே இடத்தில் ஏராளமான பூச்சிகள் இருந்தால் பறவைகள் அங்கேயே முகாம் போட்டுவிடும்.

இந்தக் குறைகளையெல்லாம் எடுத்துப் பேசியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் மஜெரஸ். பேசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் தன் தோட்டத்திலேயே 2001 முதல் 2007 வரை சோதனையைத் திரும்பச் செய்தார். மொத்தம் 4,864 பூச்சிகள். இரவில் கிளையைச் சுற்றிய வலைக்குள் விட்டு, அவை தாமாக இடம் பிடித்து அடங்கிய பிறகு, விடிவதற்கு முன் வலையை எடுத்துவிடுவார். சில மணி நேரம் கழித்து எது காணாமல் போனது என்று பார்ப்பார். தொலைநோக்கி வழியே பறவைகள் தின்பதையும் நேரில் கண்டார். காற்று சுத்தமாகி மரங்கள் வெளிறிவிட்ட காலம் அது. கறுப்பின் பிழைப்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் தினமும் அப்படி என்றால் கறுப்பு ஏன் அந்த ஊரை விட்டே மறைந்துவந்தது என்பது புரியும். மஜெரஸ் 2009-இல் காலமானார், முடிவுகளை மற்ற நால்வர் 2012-இல் வெளியிட்டார்கள்.

மரபணு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் அந்தக் கறுப்புக்குக் காரணமான மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் மரபணுத்துண்டு போய் உட்கார்ந்திருக்கிறது. அது நடந்தது 1819-ஐ ஒட்டி என்று கணித்தார்கள். முதல் கறுப்பு பதிவான 1848-க்கு முன், புகை எழும்பத் தொடங்கிய காலம். நன்றாகவே பொருந்துகிறது.

#8 – தொட்டாச்சிணுங்கி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாரும் “எனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை” என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பூச்சி ஒளிவது நம்மிடமிருந்து இல்லை. பறவையின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் நான்கு வகை உண்டு, அவை புற ஊதா ஒளியையும் காணும். நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல் நிறம் அதற்கு வேறு வேறாகத் தெரியலாம்.

அதனால்தான் 2018-இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் இதே பெப்பர்டு மாத்தைப் பறவைப் பார்வையின் கணக்கில் அளந்தார்கள். லைக்கன் படர்ந்த பட்டையோடு வெளிறிய வகைதான் பறவைக் கண்ணுக்கும் நன்றாகப் பொருந்தியது. செயற்கைப் பூச்சிகளை மரத்தில் வைத்துப் பார்த்தபோது வெளிறியவற்றின் பிழைப்பு 21 சதவீதம் அதிகம்.

#9 – நிழல்வேட்டை

நிறத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். லென்ஸ் வழியாகப் பார்ப்பவனுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது நிறம் இல்லை, நிழல். இறகுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் விளிம்பில் கறுப்புக் கோடு விழும். காலைச் சாய்ந்த வெளிச்சத்தில் அந்தக் கோடு பூச்சியின் உருவத்தை அப்படியே வரைந்துகாட்டிவிடும்.

நன்றாக ஒளியும் இனங்களை நெருங்கிப் பாருங்கள். இறகின் ஓரம் நேராக இருக்காது, அலை அலையாக இருக்கும். அந்த ஓரத்தில் மெல்லிய இழைபோன்ற செதில்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். இறகை அழுத்தும்போது அந்த இழைகள் பட்டையின் மேல் படிந்து, எங்கே இறகு முடிகிறது எங்கே பட்டை தொடங்குகிறது என்பதைக் கலைத்துவிடும். உணர்கொம்பைக்கூட வெளியே விடாது, மடித்து இறகுக்கு அடியில் செருகிக்கொள்ளும். முதுகில் உள்ள செதில்முடிகள் பட்டையின் சொரசொரப்பைப்போலவே சிலிர்த்து நிற்கும். இவற்றில் ஒன்று பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும்.

கேட்டோகாலா இனங்கள் இதில் இன்னொரு வகை. முன்னிறகு அசல் மரப்பட்டை. அதற்கு அடியில் மறைத்துவைத்திருக்கும் பின்னிறகோ சிவப்பு, மஞ்சள், சிலவற்றில் நீலம், நடுவில் கறுப்புப் பட்டை. தொட்டால் முன்னிறகைப் படாரென்று விலக்கும். எதிர்பாராத அந்த நிறம் தெறித்ததும் யாரும் ஒரு நொடி பின்வாங்குவார்கள். அந்த ஒரு நொடி அதற்குப் போதும். பறந்து அடுத்த மரத்தில் உட்கார்ந்து முன்னிறகை மூடிக்கொண்டால் துரத்திய பறவை சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கும், சிவப்பு எங்கேயும் இருக்காது.

#10 – ஏன்எதற்கு

மரப்பட்டை, பதிலுக்கு நன்றி. மஜெரஸ் சோதனையை நான் கேள்விப்பட்டதில்லை, அது ஏற்கத்தக்கதாக இருக்கிறது.

தொட்டாச்சிணுங்கி, “செயற்கைப் பூச்சி” என்றால் என்ன? காகிதத்தையா பறவை தின்றது?

#11 – மரப்பட்டை

காகிதத்தைத் தின்னாது, காகிதத்துக்கு அடியில் வைத்திருப்பதைத் தின்னும்! இந்த முறையைப் பரவலாக்கியது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னஸ் கட்ஹில் குழு, 2005-இல். அச்சிட்ட காகிதத்தை முக்கோணமாக வெட்டினால் அதுதான் இறகு. அடியில் செத்த மீல்வார்ம் புழு ஒன்றுதான் உடம்பு. இதை ஓக் மரத்தில் குத்திவைத்துவிட்டு, எது எப்போது காணாமல் போகிறது என்று நேரம் குறிப்பார்கள்.

அவர்கள் தேடிய கேள்வி நுட்பமானது. நிறம் பட்டையோடு ஒத்துப்போனால் மட்டும் போதுமா, அல்லது உருவத்தின் விளிம்பையும் உடைக்க வேண்டுமா? அதற்காக ஒரே நிறங்களை இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்றில் கறுப்புத் திட்டுகள் முக்கோணத்தின் ஓரத்தைத் தொட்டு, ஓரத்தால் வெட்டுப்பட்டு நிற்கும். இன்னொன்றில் அதே திட்டுகள் உள்ளேயே அடங்கியிருக்கும். ஓரத்தைத் தொட்டவைதான் அதிக நேரம் பிழைத்தன. பறவையின் கண் முதலில் தேடுவது உருவத்தின் எல்லைக்கோட்டை. அந்தக் கோடு நடுநடுவே அறுந்துபோனால் “இங்கே ஒரு முக்கோணம்” என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. அப்பட் தேயர் 1909-இலும் ஹ்யூ காட் 1940-இலும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதிவைத்திருந்தார்கள். காட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இன்னொரு வகை ஏமாற்று இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் பார்வையில் படாமல் இருப்பது. இது பார்வையில் பட்டும் வேறு பொருளாக நினைக்கவைப்பது. பஃப் டிப் என்ற அந்துப்பூச்சி இறகை உடம்போடு சுருட்டி உட்கார்ந்தால் ஒடிந்த பிர்ச் குச்சி ஒன்று கிடப்பதுபோலவே இருக்கும். இறகு நுனியில் உள்ள வெளிர்மஞ்சள் திட்டு, குச்சி ஒடிந்த இடத்தில் தெரியும் உள்மரம்! யூரோபியா மெட்டிகுலோடினா என்று கிழக்கு ஆசியாவில் ஒன்று இருக்கிறது, சுருண்ட சருகு. சுருண்டிருப்பதுபோல் தெரிவதெல்லாம் நிறத்தின் வேலை. வெளிச்சமும் நிழலும் எங்கே விழும் என்பதை இறகிலேயே தீட்டிவைத்திருக்கிறது, இறகு உண்மையில் சுருளவே இல்லை. மேக்ரோசிலிக்ஸ் மாயா இன்னும் ஒரு படி மேலே. பறவை எச்சமும் அதை மொய்க்கும் இரண்டு ஈக்களும் இறகில் இருக்கின்றன. தேடிப் படம் பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை.

#12 – ஏன்எதற்கு

பறவை “இது குச்சி” என்று நினைக்கிறது என்பது எப்படித் தெரியும்? கண்ணில் படாமலே போயிருக்கலாமே. பறவையின் மனதுக்குள் போய்ப் பார்த்தார்களா?

#13 – தொட்டாச்சிணுங்கி

நல்ல கேள்வி. 2010-இல் ஜான் ஸ்கெல்ஹார்ன் குழு இதற்கென்றே ஒரு சோதனை செய்தது. குச்சிபோல் இருக்கும் இரண்டு அந்துப்பூச்சி இனங்களின் புழுக்கள், பறவைக்குப் பதில் கோழிக்குஞ்சுகள். குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு முதலில் ஹாதார்ன் மரக் குச்சிகளை அப்படியே காட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே குச்சிகளை ஊதா நூல் சுற்றிக் காட்டினார்கள். மற்றொரு பிரிவுக்கு எதையும் காட்டவில்லை. பிறகு புழுவை வெறும் தரையில், ஒளிய இடமே இல்லாமல், கண்ணெதிரே வைத்தார்கள்.

சாதாரணக் குச்சியைப் பார்த்துப் பழகிய குஞ்சுகள் புழுவைக் கொத்த அதிக நேரம் எடுத்துக்கொண்டன, கொத்தும்போதும் தயங்கின. ஊதா நூல் சுற்றியதைப் பார்த்தவையும் எதையும் பார்க்காதவையும் சட்டென்று போய்க் கொத்தின. எல்லாக் குஞ்சுகளின் கண்ணிலும் புழு பட்டது. குச்சி தின்ன முடியாதது என்று முன்பே அறிந்தவை மட்டும் ஏமாந்தன.

#14 – ஈசல்

ஆகா! புழுக்களைப் பற்றிக் கேட்கலாம் என்றிருந்தேன். அவற்றுக்கும் என் முதல் கேள்விதான். பச்சைக் குச்சியில் இருக்கும்போது பச்சையாகவும் பழுப்புக் குச்சியில் பழுப்பாகவும் இருப்பவை இருக்கின்றனவே, அவற்றுக்குத் தன் நிறம் தெரியாமல் எப்படி?

#15 – தொட்டாச்சிணுங்கி

இதைத்தான் எதிர்பார்த்தேன். அதே பெப்பர்டு மாத்தின் புழு. அது குச்சியின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும், ஒரே நாளில் இல்லை, வளர வளர மெதுவாக. 2019-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் புழுக்களின் சிறு கண்கள் மேல் கறுப்புச் சாயம் பூசி முழுக்க மறைத்துவிட்டார்கள். ஆனாலும் அவை குச்சியின் நிறத்துக்கே மாறின! அதோடு, கண் மறைத்த புழுக்களுக்கு இரண்டு நிறக் குச்சி கொடுத்தபோது தன் நிறத்துக்குப் பொருந்தும் குச்சியாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொண்டன. பார்வைக்கு வேண்டிய மரபணுக்கள் கண்ணில் மட்டுமல்ல, புழுவின் தோலெங்கும் இயங்குவதையும் கண்டுபிடித்தார்கள். தோலாலேயே நிறம் பார்க்கிறது.

எல்லாப் புழுவும் இப்படி இல்லை. நெமோரியா அரிசோனேரியா என்று அமெரிக்காவின் தென்மேற்கில் ஓர் இனம். வசந்தத்தில் பிறக்கும் புழு ஓக் மரத்தின் பூங்கொத்துபோல மஞ்சளாக, கரடுமுரடாக இருக்கும். கோடையில் பிறப்பது ஓக் குச்சிபோல இருக்கும். ஒளியும் வெப்பமும் காரணமில்லை, சாப்பாடுதான் காரணம் என்று எரிக் கிரீன் 1989-இல் காட்டினார். பூங்கொத்தைத் தின்றால் பூங்கொத்தாகிறது. டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள இலையைத் தின்றால் குச்சியாகிறது. தான் எதன்மேல் இருக்கிறோம் என்பதை வயிறே சொல்லிவிடுகிறது.

#16 – வௌவால்

பெயருக்கு ஏற்றபடி என் பங்குக்கு நானும் வருகிறேன். இதுவரை எல்லாரும் பகலைப் பற்றியே பேசினீர்கள். அந்துப்பூச்சி பறப்பது இரவில், வேட்டையாடுவது வௌவால், அது தேடுவது எதிரொலியால். நிறம் எதற்கு உதவும்?

காது உள்ள அந்துப்பூச்சிகள் வௌவாலின் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலியை, கேட்டதும் சுழன்று விழுந்து தப்பிக்கும். பட்டு அந்துப்பூச்சிக் குடும்பத்தில் பலவற்றுக்குக் காதே கிடையாது. அவற்றுக்கு என்ன வழி? பிரிஸ்டலில் தாமஸ் நீல், மார்க் ஹோல்டரீட் உள்ளிட்ட குழு 2020-இல் காட்டியது: காதில்லாத இனங்களின் மார்பைப் போர்த்தியிருக்கும் தடித்த செதில்ரோமம், வந்து படும் மீயொலியின் ஆற்றலில் 85 சதவீதம் வரை விழுங்கிவிடுகிறது. மெத்தையும் திரைச்சீலையும் வந்ததும் காலி அறையின் எதிரொலி அடங்குவதுபோல. இறகுகளில் ரோமம் போர்த்த முடியாது, கனம் தாங்காது. அங்கே ஒவ்வொரு செதிலும் தனித்தனி அதிர்வெண்ணுக்கு அதிர்ந்து ஒலியை உறிஞ்சுகிறது. மீயொலிக்கு எதிராக இதுவும் உருமறைப்புதான். வண்ணத்துப்பூச்சியின் இறகில் இந்த வேலை நடக்கவில்லை, அவற்றுக்கு இரவில் வௌவாலோடு வழக்கும் இல்லை.

#17 – நிழல்வேட்டை

வௌவால், அருமை. ஒலியைப் படம் எடுக்க முடியாதது என் துரதிர்ஷ்டம்.

#18 – ஏன்எதற்கு

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பறவைக்கும் மூளை இருக்கிறது. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த தடவை எளிதாகத்தானே கண்டுபிடிக்கும்? அப்படியானால் உருமறைப்பு கொஞ்ச காலத்தில் பயனற்றுப் போயிருக்க வேண்டும்.

#19 – மரப்பட்டை

பறவை கற்றுக்கொள்ளும், சரி. என்ன கற்றுக்கொள்ளும் என்பதில்தான் சூட்சுமம். ஆலன் கமில், அலெக்சாண்ட்ரா பியட்ரெவிச் இருவரும் 1970-களில் நீல ஜே பறவைகளுக்குத் திரையில் படங்கள் காட்டினார்கள். சிலவற்றில் கேட்டோகாலா உண்டு, சிலவற்றில் வெறும் மரம்தான். பூச்சி இருந்தால் கொத்த வேண்டும், சரியாகக் கொத்தினால் தீனி. ஒரே இனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது பறவையின் திறமை கூடிக்கொண்டே போனது. இரண்டு இனங்களைக் கலந்து காட்டியபோது அந்த முன்னேற்றம் வரவில்லை. அதாவது பறவை “பூச்சி” என்று பொதுவாகத் தேடுவதில்லை, இந்த உருவம் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறது.

இதனால் என்ன ஆகும்? அதிகம் இருக்கும் வடிவம்தான் அதிகம் மாட்டும். அபூர்வமான வடிவம் தப்பும், தப்பிப் பெருகும், பெருகியதும் அதுவும் மாட்டத் தொடங்கும். ஆலன் பாண்டும் கமிலும் 2002-இல் கணினித் திரையில் அந்துப்பூச்சிகளை உருவாக்கி, நீல ஜே கண்டுபிடிக்காதவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். தலைமுறைகள் போகப் போக அந்தத் திரைப் பூச்சிகளைக் கண்டுபிடிப்பது கடினமானது, அதோடு அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டும் போயின. கேட்டோகாலாவில் ஒரே காட்டில் இத்தனை இனம், ஒரே இனத்தில் இத்தனை வடிவம் ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

#20 – ஈசல்

வெள்ளைச் சுவர் மட்டும் பாக்கி. யாரும் தொடவில்லையே?

#21 – நிழல்வேட்டை

அதை நான் சொல்கிறேன். விளக்குக்கு வந்த பூச்சி அங்கே இடம் தேர்ந்தெடுக்கவில்லை, மாட்டிக்கொண்டது. 2024-இல் அதிவேகக் கேமராவால் எடுத்துப் பார்த்தார்கள். பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சம் வரும் பக்கம் வைத்துக்கொள்ளும், இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம், அதுதான் மேல். விளக்கு பக்கத்தில் இருந்தால் அதன் பக்கம் முதுகைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். களைத்துப்போய்ச் சுவரில் விழுந்ததும் நடந்து திரும்பிப் பார்ப்பதற்கு அங்கே பட்டையும் இல்லை, பள்ளமும் இல்லை. விளக்கை அணையுங்கள், அது வேறு இடம் தேடிப் போகும். கையால் பிடித்து எடுக்காதீர்கள், செதில் உதிர்ந்தால் திரும்ப முளைக்காது.

மரத்தில் தேடிக் கண்டுபிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி: நிறத்தைத் தேடாதீர்கள், சமச்சீரைத் தேடுங்கள். பட்டையில் எந்தக் கறையும் இடம் வலம் ஒன்றுபோல இருக்காது. இருந்தால் அது பூச்சி. சமச்சீரான வடிவம் உருமறைப்பைக் கெடுக்கிறது என்று கட்ஹில் குழு 2006-இல் காகிதப் பூச்சியை வைத்தே காட்டியிருக்கிறது.

#22 – ஏன்எதற்கு

அப்படியென்றால் பரிணாமம் ஏன் இடது இறகை ஒரு மாதிரியும் வலது இறகை வேறு மாதிரியும் ஆக்கவில்லை? இத்தனை செய்தது, அதைச் செய்ய முடியாதா?

#23 – மரப்பட்டை

இரண்டு இறகுக்கும் ஒரே மரபணுக் கட்டளைதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு வடிவம் போட வேண்டுமென்றால், வளரும்போது “இது இடது, இது வலது” என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு இறகின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களுக்கும் போய்ச்சேர வேண்டும். அது எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் சமாளிக்க வழி உண்டு. சமச்சீரான வடிவம் உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகே இருந்தால்தான் கண்ணைப் பிடிக்கும், நடுக்கோட்டை விட்டுத் தள்ளிவைத்தால் அந்தப் பாதகம் குறைகிறது என்று 2020-இல் அதே பிரிஸ்டல்காரர்கள் காட்டினார்கள்.

#24 – ஏன்எதற்கு

காகித முக்கோணம் செலவில்லாத சோதனையாக இருக்கிறதே. பட்டையைப் படம் எடுத்து அச்சிட்டு, ஓரம் தொட்டது, தொடாதது என்று நானே வைத்துப் பார்க்கலாமா?

#25 – மரப்பட்டை

தாராளமாக. கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள், நிறம் பறவைக் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்ற தலைவலி குறையும். எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் வையுங்கள். எந்த மரத்தில் எந்த வகை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். முக்கியமானது புழு காணாமல் போனதும் யார் தின்றது என்று பார்ப்பது. முழுசாகக் காணோம் என்றால் பறவையாக இருக்கலாம். உள்ளே உறிஞ்சிவிட்டு வெறும் கூடு மட்டும் இருந்தால் சிலந்தி. பிசுபிசுப்பான தடம் இருந்தால் ஓடில்லா நத்தை. கட்ஹில் குழு இவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டது, நீங்களும் சிலந்தி தின்றதைப் பறவைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். முடிவு வந்ததும் இதே இழையில் போடுங்கள்.